மூலை வெட்டிய அட்டை

முதலாளி உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக எங்கள் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்தது நியாயம்தான், நாற்காலியில் தூசி இருந்தது. ஆனால் துடைத்து முடித்த கைக்குட்டையை உதறச் சொல்லி என்னிடம் நீட்டினாரே, அந்த நொடியில்தான் எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

இருபத்திரண்டு பேருந்துகளுக்குச் சொந்தக்காரர். ஊரே அவரை முதலாளி என்கிறது. அவரும் தன்னைப் பற்றிப் பேசும்போது "முதலாளி சொன்னா சொன்னதுதான்" என்றுதான் பேசுகிறார்.

எங்கள் அலுவலகம் என்பது மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, இரண்டு பேர். மேஜைக்கு அந்தப் பக்கம் தூசி மேடம். வயது ஐம்பத்தொன்பது. அரசாங்கப் பதிவறைகளில் முப்பத்து நான்கு வருடம் பழைய காகிதங்களோடு குடித்தனம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே 'முன்னோர் விவரம் கண்டுபிடித்துத் தரப்படும்' என்று பலகை மாட்டியவர். இந்தப் பக்கம் நான். ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியரின் பிழைகளையும் திருத்தப் போனதால் இங்கே வந்து சேர்ந்தேன். மேடம் மூளையை வைத்துப் பிழைக்கிறார், நான் வாயை வைத்து.

முதலாளி மேஜைமேல் ஒரு படத்தை வைத்தார். ஒரு கையைக் காரின் மேலும் மறு கையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு கோட்டு போட்ட ஒரு நெட்டை மனிதர் முறைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தா. ஆறடி ஒரு அங்குலம். பெரிய யுத்தத்துல ஆர்டர் வந்த அன்னிக்கே கிளம்பிப் போனவர். பஸ் ஸ்டாண்டு முக்குல அவருக்குச் சிலை வைக்கப் போறோம். ஒன்பதடி."

"அவரே ஆறடிதானே சார்?" என்றேன்.

முதலாளி என் பக்கம் திரும்பாமல் மேடத்திடம் கேட்டார். "யார் இந்த ஆளு?"

"என் அசிஸ்டென்ட். கண்டுக்காதீங்க. மேல சொல்லுங்க."

"திரும்பி வந்து எழுபத்திரண்டு வயசு வரைக்கும் சிங்கம் மாதிரி இருந்தார். அவர் வந்த அடுத்த வருஷமே எங்க அப்பா பிறந்தார். கம்பெனியும் அதே வருஷம்தான் ஆரம்பிச்சது. இதெல்லாம் விழா மலர்ல போட்டிருக்கேன். தாத்தாவோட கையெழுத்தைக்கூட அட்டையில பெரிசா அச்சடிச்சிருக்கேன்." ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து வைத்தார். கையெழுத்து சாதாரணக் கையெழுத்தா அது! முதல் எழுத்து கொக்கி போட்டு, கடைசி எழுத்தின் வால் மூன்று சுற்றுச் சுற்றி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தது.

"அப்புறம் என்ன சிக்கல்?" என்றார் மேடம்.

"நகராட்சி ஆணையர்தான் சிக்கல். வெறும் மெடல் போதாதாம், ராணுவப் பதிவு வேணுமாம். வர்ற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. பதிவைக் காட்டினா இடம் நமக்கு."

"அந்த முக்குல ஒரு தையல் கடை இருக்கில்ல?"

"கடையா அது? நாலு பலகை. நகராட்சி இடத்துல ஒரு கிழவி அறுபது வருஷமா ஓட்டை மிஷினை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பதிவு கிடைச்ச மறுநாளே பலகையைப் பிரிச்சுடுவோம். அவ அப்பன் யார் தெரியுமா? பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு ஓடிப்போனவன். ஊரே அவளை ஓடிப்போனவன் மகள்னுதான் சொல்லும். ஓடிப்போனவன் மகளுக்கு இடம் இருக்கும், யுத்தத்துக்குப் போன மனுஷனுக்கு இருக்காதா?"

முதலாளி கொண்டு வந்திருந்த மெடல் பெட்டியை மேடம் திறந்தார். வட்டமான மெடல். அதற்குக் கீழே எண்ணெய்க் காகிதத்தில் மடித்தபடியே ரிப்பன். மடிப்புகூடக் கலையவில்லை. அதோடு ராணுவ எண் எழுதிய ஒரு சிறு சீட்டு.

"இதை யாரும் சட்டையில குத்திக்கிட்டதே இல்லையா?"

"தாத்தா ரொம்ப அடக்கமானவர்."

நான் மறுபடியும் படத்தைப் பார்த்தேன். காரும் கோட்டும் போக, அதில் அடக்கத்துக்கு இடமே இருக்கவில்லை.

கிளம்ப எழுந்த முதலாளி வாசலில் நின்றார். "இன்னொண்ணு. ரிப்போர்ட்டை எங்கிட்ட தராதீங்க. ஆணையர் முன்னாடி நீங்களே நின்னு, சத்தமா, ஒரு வரி விடாமப் படிக்கணும். எல்லாரும் கேக்கணும். முக்கியமா அந்தக் கிழவி கேக்கணும்."

"ஒரு வரி விடாமலா?"

"ஒரு வரி விடாம."

மேடம் அதை அப்படியே ஒரு தாளில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முதலாளிக்கு அதிலும் பெருமைதான்.

*

படி இறங்கும்போதே கேட்டேன். "நேரா பதிவறைக்குத்தானே மேடம்?"

"முதல்ல முக்குக்கு. யாரை விரட்டப் போறோம்னு பாக்க வேண்டாமா?"

நாலு பலகை என்று முதலாளி சொன்னது பொய், ஐந்து இருந்தன. ஐந்தாவதில் தையல்காரம்மாவின் பெயர் எழுதியிருந்தது. அவர் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சீருடையின் விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்று வயது. நான் பேச்சுக்கு வழி செய்ய, கிழிந்த சட்டைப் பையைக் காட்டினேன்.

அவர் அதை இழுத்துப் பார்த்தார். "தானாக் கிழியல. உள்ளே ஒண்ணும் இல்லாததால துழாவித் துழாவி நீயே கிழிச்சிருக்கே."

"அம்மா, நாங்க முதலாளிக்கு வேலை பாக்கறவங்க," என்றார் மேடம். மறைக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது.

"அது மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. கடையை எப்போ பிரிக்கறாங்களாம்?"

"வெள்ளிக்கிழமை தெரியும். உங்க அப்பாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"அவனைப் பத்தி என்ன இருக்கு? தையல்காரன். எனக்கு ரெண்டு வயசு. கோட்டுக்கு அளவெடுக்கணும்னு பெரிய வீட்டுல கூப்பிடறாங்க, போயிட்டு வரேன்னு போனான். அப்படியே போயிட்டான். அளவு நாடாவைக்கூட எடுக்காமப் போனானாம். அளவெடுக்கப் போறவன் நாடாவை விட்டுட்டுப் போவானா? ஓடறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டான்."

"பெரிய வீடுன்னா?"

"இப்ப சிலை வைக்கறாங்களே, அவங்க வீடுதான். எங்கம்மா போய்க் கேட்டா. இங்க யாரும் வரலைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டாங்க."

"பாக்க எப்படி இருப்பார்?"

"நான் எங்க கண்டேன்? குள்ளம்னு எங்கம்மா சொல்வா. இடது கையில இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்குமாம்." நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "என்னைப் பெண் கேட்டு மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் விசாரிச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. ஓடற ரத்தமாம், நானும் ஓடிடுவேனாம். எண்பத்தி மூணு வயசாகுது. இந்த முக்கைத் தாண்டி இன்னும் நான் எங்கேயும் ஓடலை. நீங்க காகிதத்துல ஆளைத் தேடறவங்களாமே. அவனைப் பாத்தீங்கன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. செத்திருந்தாலும் பரவாயில்லை, போய் நாலு கேள்வி கேட்டுட்டு வருவேன்."

பையைத் தைத்துக் கொடுத்தார். நான் நன்றி சொன்னதைக் காதில் வாங்காமல் சீருடைக்குத் திரும்பிவிட்டார்.

தெருவில் இறங்கியதும் மேடம் சொன்னார். "நாடா இல்லாமப் போனார்னா அளவெடுக்கப் போகலைன்னு அர்த்தம். அதுவரைக்கும் சரி. ஆனா ஓடத்தான் போனார்னு எப்படிச் சொல்றது? வேற எதுக்கோ கூப்பிட்டிருக்கலாமே."

"எண்பது வருஷமா ஊரே ஒரே மாதிரி சொல்லுதே மேடம்."

"ஊர் எதையும் படிச்சுப் பாத்துச் சொல்லாது தம்பி. கேட்டுச் சொல்லும்."

*

ராணுவப் பதிவறை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. 'தேநீர் அருந்தக் கூடாது' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து குமாஸ்தா தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் தோன்றிய சலிப்பு இருக்கிறதே, அதற்குத் தனியாகப் படிப்பு படித்திருப்பார் போல.

"அடுத்த வாரம் வாங்க."

"எதுக்கு வந்தோம்னே நாங்க இன்னும் சொல்லலையே," என்றேன்.

"எதுக்கா இருந்தாலும் அடுத்த வாரம்தான்."

மேடம் கைப்பையிலிருந்து ஏற்கெனவே நிரப்பிய விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். எந்தப் படிவம், எத்தனை பிரதி, எங்கே கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத வருத்தத்தோடு குமாஸ்தா எழுந்தார்.

அட்டைப் பெட்டிகள் சுவர் நெடுக இருந்தன. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஓர் அட்டை, ராணுவ எண் வரிசையில். முதலாளி கொடுத்த எண்ணைத் தேடினோம். கிடைத்தது. முதலாளியின் தாத்தா பெயர், தகப்பன் பெயர், பெரிய வீட்டு விலாசம், சேர்ந்த தேதி எல்லாம் கச்சிதமாக இருந்தன. அப்படியென்றால் நெட்டை மனிதர் நிஜமாகவே போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஐந்து பலகையும் பிரிக்கப்படும், அதற்கு நானும் உடந்தை.

"இப்போ கோப்பு," என்றார் மேடம்.

குமாஸ்தா அலமாரிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "இல்லை. கரையான் தின்னிருக்கும்."

"பக்கத்துல இருக்கற ரெண்டு கோப்பும் பத்திரமா இருக்கே. கரையான் நம்பர் பாத்துத் தின்னுச்சா?" என்றேன்.

"யோவ், உனக்கு வேணும்னா வேணும், வேண்டாம்னா போ."

மேடம் இந்தச் சண்டையைக் கவனிக்கவில்லை. அட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வலது மேல் மூலை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது.

"இது ஏன் இப்படி இருக்கு?" என்று குமாஸ்தாவைக் கேட்டார்.

"எலி கடிச்சிருக்கும்."

"எலி கத்தரிக்கோல் வெச்சிருக்குதா சார்?" என்றேன். வெட்டு அவ்வளவு நேராக இருந்தது.

மேடம் பெட்டிக்குத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, அட்டைகளின் மூலை வரிசைமேல் கட்டை விரலை வேகமாக ஓட்டினார். வழவழவென்று ஓடிய விரல் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு பள்ளம். அந்த இரண்டு அட்டைகளையும் உருவிக் காட்டினார். இரண்டிலும் அதே மூலை வெட்டு.

"யுத்த காலத்துல ஒரு நாளைக்கு ஆயிரம் அட்டை பாக்கணும். லீவு, துணி, வீட்டுக் கடிதம் எல்லாம் இதைப் பாத்துத்தான் போகும். ஒவ்வொண்ணா எடுத்துப் படிக்க நேரம் இருக்காது. அதனால மூலையை வெட்டி வெச்சாங்க. விரலை ஓட்டினாலே தட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆபீஸ்லயும் இதே பழக்கம்தான்."

"யாரோட மூலையை வெட்டுவாங்க?"

"செத்தவங்களோடதை. செத்தவனுக்கு லீவு கொடுத்துடக் கூடாதில்ல?"

நான் அட்டையைப் பார்த்தேன், மேடத்தைப் பார்த்தேன். "முதலாளியோட தாத்தா எழுபத்திரண்டு வயசு வரைக்கும் இருந்தாரே!"

"அதான் எனக்கும் இடிக்குது. செத்தவங்க கோப்பைத் தனி அறைக்கு மாத்திடுவாங்க. முடிஞ்ச கோப்பு அறை எங்க சார்?"

குமாஸ்தா விழித்தார். பதினோரு வருடமாக அங்கே சம்பளம் வாங்குகிற மனிதருக்கு அப்படி ஓர் அறை இருப்பதே தெரியவில்லை. அவர் தினமும் கோட்டு மாட்டுகிற ஆணிக்குக் கீழே ஒரு கதவும், அந்த ஆணியிலேயே அதன் சாவியும் இருந்தன.

கோப்பு ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. மேடம் நின்றபடியே புரட்டினார், நான் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன்.

சேர்ந்தபோது உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.

"ராணுவத்துல சேர்ந்தா ஆள் பதினோரு அங்குலம் சுருங்கிடுவாரா மேடம்?"

"நனைச்சா துணிதான் சுருங்கும். மேல படி."

தொழில்: தையல். அடையாளம்: இடது முன்கையில் தீக்காயத் தழும்பு. கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டை விரல் ரேகை.

எனக்கு வாய் அடைத்துப்போனது. என் வாய் அடைப்பதை மேடம் அதற்கு முன் பார்த்ததில்லை என்பதால் திரும்பி ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

அதற்கடுத்து ஆஸ்பத்திரித் தாள். அதை மேடம் இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியாக ஒரு சின்ன ரசீது குத்தப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் கைப்பையிலிருந்து முதலாளியின் விழா மலரை எடுத்து, ரசீதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தூசி மேடம் வருடத்துக்கு ஒரு முறைதான் சிரிப்பார். எனக்குக் காட்டினார். நானும் சிரித்தேன். அது என்ன ரசீது என்று இப்போதே சொல்ல மாட்டேன். ஒரு வரி விடாமல் படிக்கச் சொன்னவர் முன்னால்தான் அது வெளிவர வேண்டும்.

"எல்லாத்துக்கும் முத்திரை போட்ட நகல் வேணும்," என்றார் மேடம் குமாஸ்தாவிடம்.

"அடுத்த வா..."

"இன்னிக்கே. இல்லேன்னா இந்த அறை இருக்கறதே உங்களுக்குத் தெரியாதுங்கறதை உங்க மேலதிகாரிக்கு ஒரு கடிதமா எழுதுவேன். அதுக்கும் படிவம் எங்கிட்ட இருக்கு."

அரை மணி நேரத்தில் நகல் வந்தது.

*

வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூடத்துக்கு முதலாளி படை திரட்டி வந்திருந்தார். புகைப்படக்காரர், கம்பெனி மேனேஜர், கைதட்டுவதற்கு ஒரு பெஞ்சு நிறைய ஓட்டுநர்கள், ஒன்பதடிச் சிலையின் ஒன்றரை அடி மாதிரி. மாதிரிச் சிலை துப்பாக்கியை நீட்டி ஆணையரையே குறி வைத்திருந்ததால், அவர் அதைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னார். விழா மலரில் ஒன்றை அவர் மேஜைமேல் முதலாளியே வைத்தார்.

தையல்காரம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சட்டை, கையில் ஊசி. கடையைப் பறிகொடுக்க வந்த இடத்திலும் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிங்க மேடம்! சத்தமா!" என்றார் முதலாளி.

மேடம் எழுந்தார். ராணுவ எண்ணைப் படித்தார், பெயரைப் படித்தார், பெரிய வீட்டு விலாசத்தைப் படித்தார். ஓட்டுநர்கள் கை தட்டினார்கள். முதலாளி கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்."

கைதட்டல் தடுமாறியது.

"தொழில், தையல். இடது முன்கையில் தீக்காயத் தழும்பு. கையெழுத்து போடத் தெரியாது, ரேகை."

கடைசி பெஞ்சில் ஊசி நின்றது.

"என்ன படிக்கறீங்க? யாரோட கோப்பு அது?" முதலாளி எழுந்துவிட்டார்.

"நீங்க கொடுத்த நம்பர்தான். உக்காருங்க. ஒரு வரி விடாமப் படிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கீங்க." மேடம் அந்தத் தாளை ஆணையர் மேஜைமேல் வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "ஆஸ்பத்திரித் தையற்கூடத்தில் வேலை. போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. சேர்ந்த பதினான்காம் மாதம் காய்ச்சலில் மரணம்."

ஆணையர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டார். "மரணமா? தாத்தா திரும்பி வந்து கம்பெனி ஆரம்பிச்சதா இந்த மலர்ல இருக்கே?"

"அதைத்தான் முதலாளி நமக்குச் சொல்லணும்," என்றார் மேடம். "யுத்தத்துக்குப் போனது உங்க தாத்தாதான்னா, அவர் இந்தத் தேதியில செத்துட்டார். உங்க அப்பா அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுப் பிறந்திருக்கார். அப்ப உங்க அப்பா யாரோட பிள்ளைன்னு தனியா ஒரு விசாரணை வைக்கணும். இல்லை, உங்க அப்பா உங்க தாத்தாவோட பிள்ளைதான்னா, யுத்தத்துக்குப் போனது வேற ஆள். எது வேணும்? நீங்களே சொல்லுங்க."

"முதல் விசாரணைக்கு எங்க கட்டணம் தனி," என்றேன் நான்.

முதலாளியின் முகம் கோணியது. "ராணுவத்துல தப்பா எழுதியிருப்பாங்க! ஆள் மாத்தி எழுதறது சகஜம்தானே! செத்துட்டார்னு ஒரு செய்தி எங்க வீட்டுக்கு வந்திருந்தா, நான் உயிரோட இருக்கேன்னு தாத்தாவே எழுதியிருப்பாரே! செய்தி வரவே இல்லை!"

"வந்தது. மரணச் செய்தியைப் பதிவுத் தபால்ல அனுப்பினாங்க. வாங்கினவங்க கையெழுத்துப் போட்ட ரசீது கோப்புல இருக்கு."

மேடம் நகலை ஆணையர் முன்னால் வைத்தார். ஆணையர் ரசீதைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த விழா மலரின் அட்டையைப் பார்த்தார். கொக்கி, மூன்று சுற்று வால், கீழே இரண்டு கோடு. எத்தனை அவசரமாக இருந்தாலும் ஒரு கோட்டைக்கூடக் குறைக்க அந்தப் பெரிய மனிதருக்கு மனம் வரவில்லை.

"அடக் கடவுளே," என்றார் ஆணையர். "தன் சாவுச் செய்தியைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரா?"

ஓட்டுநர் பெஞ்சிலிருந்து ஒருவர் குபீரென்று சிரித்துவிட்டார். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. புகைப்படக்காரர் கடமை தவறாமல் முதலாளியை ஒரு படம் எடுத்தார்.

மேடம் சிரிக்கவில்லை. "ஒரு வரி எழுதிப் போட்டிருந்தாப் போதும். எழுதலை. எழுதினா, அப்ப அங்க செத்தது யாருன்னு கேப்பாங்க. ஆர்டர் வந்த அன்னிக்கு வீட்டுக்குத் துணி தைக்கற ஆளைக் கூப்பிட்டு, தன் பேரைக் கொடுத்து அனுப்பிட்டு, யுத்தம் முடியறவரைக்கும் வீட்டுக்குள்ளேயே பதுங்கி இருந்திருக்கார். மிரட்டினாரா கெஞ்சினாரான்னு காகிதத்துல இல்லை. ஆனா அந்த ஆளோட மனைவி வந்து கேட்டபோது, இங்க யாரும் வரலைன்னு கதவைச் சாத்தினது இந்த வீடு. கடைசியில அவருக்கு வந்த மெடலையும் வாங்கிப் பெட்டியில வெச்சுக்கிட்டாங்க. மடிச்சு வந்த ரிப்பன் ஒரு முறைகூடச் சட்டையில ஏறலை. ஏற வேண்டிய சட்டை திரும்பி வரலை."

தையல்காரம்மா எழுந்து வந்தார். சட்டையும் ஊசியும் கையிலேயே இருந்தன. மேடத்துக்கு எதிரில் நின்று, "அந்தத் தாள்ல வேற என்ன இருக்கு?" என்று கேட்டார்.

மேடம் ஆஸ்பத்திரித் தாளை எடுத்தார். அதுவரை கணீரென்று படித்தவர் இதை மெதுவாகப் படித்தார். "'நோயாளி இது தன் பெயரல்ல என்று ஓயாமல் சொல்கிறார். காய்ச்சல் பிதற்றல். மகளின் பெயரைச் சொல்லி, அவளுடைய கவுன் பாதியில் நிற்கிறது, இன்னும் கை வைக்கவில்லை, வீட்டுக்கு அனுப்புங்கள் என்கிறார்.'" நிமிர்ந்தார். "மகள் பேரும் எழுதியிருக்கு. உங்க கடைப் பலகையில இருக்கற அதே பேர்."

தையல்காரம்மா கையிலிருந்த ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார்.

"கை வைக்காத கவுன் ஒண்ணு எங்க வீட்டுல கிடந்தது. ஓடிப்போனவன் தைச்சதை என் பொண்ணு போடக் கூடாதுன்னு எங்கம்மா அதைக் கிழிச்சுத் தரை துடைச்சா." அவர் ஆணையரின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "செத்தது எப்போ? எனக்கு அப்ப என்ன வயசு?"

"மூணு வயசு, ரெண்டு மாசம்."

"நான் திட்ட ஆரம்பிச்சது அஞ்சு வயசுல. தெருவுல பிள்ளைங்க கேலி பண்ணி நான் அழுதுட்டு வந்த அன்னிக்கு எங்கம்மா சொல்லிக் கொடுத்தா, நாசமாப் போனவன்னு சொல்லுடின்னு. அன்னிலேர்ந்து ஒரு நாள் விடலை." அவர் குரல் உடைந்தது. "அப்பவே செத்துப்போயிருக்கார். என் பேரைச் சொல்லிக்கிட்டுச் செத்தவரை நான் இத்தனை வருஷமாத் திட்டியிருக்கேன்."

நின்றபடியே அழுதார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. என்னிடம் கைவசம் ஆயிரம் கிண்டல் எப்போதும் உண்டு. அன்று ஒன்றும் அகப்படவில்லை.

ஆணையர் தொண்டையைச் செருமினார். "சிலை விண்ணப்பத்தை நிராகரிக்கிறேன். கடை அங்கேயே இருக்கும். அம்மா, நீங்க ஆசைப்பட்டா உங்க அப்பாவுக்கு ஒரு சின்னச் சிலை..."

"எதுக்கு? காக்கா உக்காரவா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடம் பக்கம் திரும்பினார். "எங்க புதைச்சிருக்காங்க?"

"ராணுவக் கல்லறையில. எத்தனாவது வரிசை, எத்தனாவது கல்லுங்கறது வரைக்கும் இருக்கு."

"கல்லுல யார் பேர் போட்டிருக்கு?"

மேடம் முதலாளியைப் பார்த்தார். பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"மாத்த முடியாதா?"

"முடியும். அங்க இருக்கறது எங்க தாத்தா இல்லைன்னு அந்தப் பேருக்கு உரிய குடும்பத்துல ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடணும். படிவம் கொண்டு வந்திருக்கேன்."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் கூரையைப் பார்த்தார். பிறகு முதலாளி குரலைத் தணித்துக்கொண்டு, "இதெல்லாம் உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம் மேடம். குடும்ப மானம்..." என்று இழுத்தார்.

தையல்காரம்மா அவர் முன்னால் போய் நின்றார். முதலாளியின் மார்பு உயரம்கூட இருக்க மாட்டார். முதலாளி ஓரடி பின்வாங்கினார்.

"எண்பது வருஷமா எங்கப்பா உன் தாத்தன் பேரைச் சுமந்துக்கிட்டு மண்ணுக்குள்ள கிடக்கார். உயிரோட இருக்கும்போது ஒருத்தரும் அவர் சொன்னதை நம்பலை. போடுய்யா கையெழுத்தை."

முதலாளி உட்கார்ந்தார். பேனாவை மேனேஜர் கொடுத்தார். படிவத்தில் இறந்தவரின் உண்மைப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. அதைத் தையல்காரம்மா சொல்லச் சொல்ல, முதலாளியே தன் கையால் எழுத வேண்டியிருந்தது. எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். முதலாளி படித்தார்.

"இன்னும் சத்தமா," என்றார் தையல்காரம்மா.